மோவாய்த் தழும்பு

என் மோவாய்க்குக் கீழே ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அரை அங்குலம்தான் இருக்கும். முகத்தை நன்றாக நிமிர்த்தினால்தான் தெரியும். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைக் கல் நிற்கிறதே, அந்தப் பாறைச் சரிவில் வாங்கியது. அப்போது எனக்குப் பதினோரு வயது.

அங்கே போகிறவர்கள் எல்லோரும் கல்லைத்தான் பார்ப்பார்கள். சுமார் 250 டன் எடை என்கிறார்கள். உருண்டு விழாமல் எப்படி நிற்கிறது என்று வியந்து, கையால் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கல்லைவிடச் சரிவுதான் பெரிது. எத்தனை தலைமுறைப் பிள்ளைகளின் கால்சட்டையும் பாவாடையும் தேய்த்ததோ, பாறையில் அங்கங்கே எண்ணெய் தடவியது போல வழவழவென்று தடம் விழுந்திருக்கும். வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால் அந்தத் தடம் சில்லென்று இருக்கும். மேலே ஏறி உட்கார்ந்து கையை விட்டால் போதும்.

எங்கள் வீடு செங்கல்பட்டில். மே மாத லீவு விட்டால் மாமல்லபுரத்தில் அத்தை வீட்டில்தான் இருப்பேன். மாமா சிற்ப வேலை. காலையில் உளிச் சத்தத்தில்தான் கண் விழிப்போம். பல்லைத் தேய்த்ததும் தென்னை மட்டையை இழுத்துக்கொண்டு பாறைக்கு ஓட்டம். மட்டையில் உட்கார்ந்து சறுக்குவது சின்னப் பிள்ளைகள் செய்வது. கொஞ்சம் துணிச்சல் வந்தவர்கள் மட்டையில் குப்புறப் படுத்து, தலையை முன்னால் நீட்டிக்கொண்டு இறங்குவார்கள். உட்கார்ந்து வரும்போது பாறை நமக்குக் கீழே இருக்கும். படுத்து வரும்போது பாறை நேராக முகத்துக்கு வரும். வேகம் ஒன்றுதான் என்றாலும் பத்து மடங்கு வேகம் போலத் தோன்றும்.

நான் அப்படித்தான் இறங்கினேன். பாதியில் மட்டை திரும்பிக்கொண்டது, மோவாய் பாறையில் மோதியது. பாவாடை முழுக்க ரத்தம். அத்தை ஓடிவந்து காபித்தூளை அப்பி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு தையல். திரும்பி வரும் வழியில் சொன்னார்: "போதும்டி. பெரிய பொண்ணு ஆவப்போற. இனிமே பாறை மேல ஏறுனேன்னு வெச்சுக்கோ, காலை ஒடிச்சிடுவேன்."

அதே லீவில்தான் அத்தை மகனுக்கும் அதே பாறையில் முன்பல் பாதி உடைந்தது. அவன் மறுநாளே மட்டையோடு மேலே ஏறிவிட்டான். நான் கீழே உட்கார்ந்து அவன் செருப்புக்குக் காவல் இருந்தேன். அதற்கப்புறம் அந்தச் சரிவில் நான் சறுக்கவே இல்லை.

இதையெல்லாம் மறந்துதான் போயிருந்தேன். 2018 பிப்ரவரி 17, சனிக்கிழமை சாயங்காலம் அது திரும்பி வந்தது. தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்துகொண்டிருந்தது. மடியில் நாலு வயது மகள், கையில் போன். எதையோ தேடப்போய் பெண்கள் ஸ்கெலிட்டன் போட்டியின் கடைசிச் சுற்றில் வந்து நின்றேன். ஹெல்மெட் போட்ட ஒரு பெண் குனிந்தபடி ஓடிவந்து, ஓடுகிற சறுக்குப் பலகையின் மேல் குப்புற விழுந்து, தலையை முன்னால் நீட்டிக்கொண்டு பனிக்கட்டிப் பள்ளத்துக்குள் பாய்ந்தார். என் கை தானாக மோவாய்க்குப் போனது.

ஸ்கெலிட்டன் என்றால் என்னவென்று அன்று வரை எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், பார்த்தேன். பனிச் சறுக்குத் தடத்தில் மூன்று வகைப் போட்டிகள் உண்டு. பாப்ஸ்லெட் என்பது மூடிய வண்டி மாதிரி, உள்ளே உட்கார்ந்து போவது. லூஜ் என்பது மல்லாந்து படுத்து, கால் முன்னால் போவது. ஸ்கெலிட்டன் மட்டும்தான் குப்புறப் படுத்து, தலை முன்னால் போவது. எஃகுச் சட்டம், அதன் அடியில் இரண்டு எஃகுத் தண்டுகள், மேலே உடம்பைப் பிடித்துக்கொள்ள ஒரு வளைவு. இவ்வளவுதான் அந்தப் பலகை. பிரேக் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது. எடை மட்டும் 30 கிலோவைத் தாண்டும். ஸ்கெலிட்டன், அதாவது எலும்புக்கூடு என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு மூன்று கதை சொல்கிறார்கள். பலகையைப் பார்த்தால் கதையே தேவையில்லை. சதை இல்லாத வண்டி அது.

முதல் முப்பது மீட்டர் வரை ஓட்டம். ஆணி வைத்த காலணியோடு, இடுப்பை ஒடித்துக் குனிந்து, ஒரு கையால் பலகையைத் தள்ளிக்கொண்டே நூறு மீட்டர் ஓட்டக்காரியின் வேகத்தில் ஓட வேண்டும். ஏறிப் படுத்தபின் கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டிவிடும். பிறகு தோளும் முழங்காலும்தான் திருப்பும் கருவி. வலது தோளைக் கொஞ்சம் அழுத்தினால் சட்டம் நூலளவு முறுகும், அந்தப் பக்கத் தண்டு ஐஸைக் கொஞ்சம் கூடக் கடிக்கும், பலகை திரும்பும். ரொம்பவும் கை மீறினால் கால் கட்டை விரலை ஐஸில் உரசலாம். உரசினால் நேரம் போய்விடும். வேகம் மணிக்கு 120, 130 கிலோமீட்டர். நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டில் காரில் கூட யாரும் போகக் கூடாத வேகம் அது. அந்த வேகத்தில் முகம் தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரிய வளைவுகளில் உடம்பின் எடை நாலைந்து மடங்காகி அழுத்தும். அப்போது கழுத்தால் தலையைத் தாங்க முடியாது. ஹெல்மெட்டின் மோவாய்ப் பகுதி ஐஸில் உரசிக்கொண்டே போகும். நிறையப் பேருடைய ஹெல்மெட் அந்த இடத்தில் தேய்ந்திருக்குமாம். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

ஒலிம்பிக்ஸில் இரண்டு நாளில் நாலு முறை இறங்க வேண்டும். நாலு நேரத்தையும் கூட்டி, நொடியில் நூறில் ஒரு பங்கு வரை கணக்குப் பார்ப்பார்கள். அன்று நான் பார்த்த போட்டியில் மூன்றாம் இடம் வெறும் 0.02 நொடியில் முடிவானது. கண் இமைக்கும் நேரம் கூட அதைவிட அதிகம். முதலிடம் வந்தவர் பிரிட்டனின் லிஸ்ஸி யார்னால்டு. நெஞ்சுச் சளியோடு வந்தவர், முதல் சுற்றிலேயே தலை சுற்றி, விலகிவிடலாமா என்று யோசித்தவர். விலகவில்லை. 2014 சோச்சியில் வாங்கிய தங்கத்தை 2018இல் தக்கவைத்துக்கொண்டார். அதற்கு முன் ஸ்கெலிட்டனில் ஆணோ பெண்ணோ யாரும் அப்படிச் செய்ததில்லை.

இதைவிட என்னை உலுக்கிய விஷயம் ஒன்று, இந்த விளையாட்டு பிறந்த ஊரின் கதை.

சுவிட்சர்லாந்தில் செயின்ட் மோரிட்ஸ் என்று ஒரு மலை ஊர். குளிர்காலத்தில் அங்கே வந்து தங்கிய ஆங்கிலேயப் பணக்காரர்கள் பொழுது போகாமல் 1884-85 குளிர்காலத்தில் ஒரு பனித் தடம் கட்டினார்கள். கிரெஸ்டா ரன் என்று பெயர். இன்றைக்கும் ஒவ்வொரு குளிர்காலமும் அதைப் புதிதாகக் கட்டுகிறார்கள். குப்புறப் படுத்துத் தலை முன்னால் போகும் பழக்கம் அங்கேதான் வேர் பிடித்தது. தொடக்க காலத்தில் பெண்களும் அதில் இறங்கினார்கள், ஆண்களோடு போட்டியும் போட்டார்கள். 1929இல் அந்தச் சங்கம் பெண்கள் இனி இறங்கக் கூடாது என்று தடை போட்டது. நெஞ்சு அடிபட்டால் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் என்று ஒரு காரணமும் அப்போது பேசினார்கள். அந்தத் தடையை எப்போது நீக்கினார்கள் தெரியுமா? 2018இல். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு யார்னால்டைப் பார்த்தேனே, அதே 2018. தடை போட்டு எண்பத்தொன்பது வருஷம்.

என் அத்தை பள்ளிக்கூடம் தாண்டாதவர். சுவிட்சர்லாந்து எந்தப் பக்கம் என்று தெரியாதவர். அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள் கோடீஸ்வரர்கள், பிரபுக்கள். ஆனால் சரிவில் நிற்கும் பெண்ணைப் பார்த்து இரண்டு தரப்பும் சொன்னது ஒன்றே: வேண்டாம், கீழே வா. இதைப் படித்த அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அத்தை மேல் எனக்கு இருந்த பழைய கோபம் பாதி கரைந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஒலிம்பிக்ஸிலும் இதே கதைதான். 1928இலும் 1948இலும் செயின்ட் மோரிட்ஸில் ஒலிம்பிக்ஸ் நடந்தபோது ஸ்கெலிட்டன் உண்டு, ஆண்களுக்கு மட்டும். பிறகு ஐம்பத்து நாலு வருஷம் அந்தப் போட்டியே இல்லை. 2002இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் திரும்ப வந்தபோதுதான் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. முதல் தங்கம் அமெரிக்காவின் டிரிஸ்டன் கேலுக்கு.

அதன் பிறகு நடந்ததுதான் நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியது. பிரிட்டனில் ஐஸ் தடம் ஒன்று கூடக் கிடையாது. ஆனால் 2002 முதல் 2018 வரை நடந்த ஐந்து ஒலிம்பிக்ஸிலும் பெண்கள் ஸ்கெலிட்டனில் பிரிட்டன் பதக்கம் வாங்கியிருக்கிறது. 2002இல் அலெக்ஸ் கூம்பர் வெண்கலம், 2006இல் ஷெல்லி ரட்மன் வெள்ளி, 2010இல் ஏமி வில்லியம்ஸ் தங்கம், 2014இலும் 2018இலும் யார்னால்டு தங்கம். 2018இல் அந்த 0.02 நொடியில் வெண்கலத்தைப் பிடித்த லாரா டீஸும் பிரிட்டன்காரர்தான்.

எப்படி? பாத் பல்கலைக்கழக வளாகத்தில் சுமார் 140 மீட்டருக்கு ஒரு கான்கிரீட் தடம் இருக்கிறது. அதில் ஐஸ் இல்லை. தண்டவாளத்தின் மேல் சக்கரம் வைத்த பலகையைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஏறிப் படுத்துப் பழகுகிறார்கள். அந்த முதல் முப்பது மீட்டரை மட்டும் வருஷம் முழுக்கப் பழகுகிறார்கள். மிச்சத்துக்கு வெளிநாட்டுக்குப் போகிறார்கள். ஏமி வில்லியம்ஸ் நானூறு மீட்டர் ஓட்டக்காரி. பாத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தடத்தில் ஒரு நாள் ஓடிப்பார்த்ததில் தொடங்கியது அவர் பயணம். யார்னால்டின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். அவர் ஹெப்டத்லான் என்ற ஏழு போட்டி ஆட்டத்தில் இருந்தவர். 2008இல் திறமையுள்ள பெண்களைத் தேடி எடுக்க ஒரு தேர்வு நடத்தினார்கள். ஓடவிட்டு, குதிக்கவிட்டு, அளந்து பார்த்து, "உனக்கு ஸ்கெலிட்டன் சரிவரும்" என்று அவர்களே சொன்னார்கள். ஆறு வருஷத்தில் ஒலிம்பிக் தங்கம். ஒரு பெண்ணை மேலே கூப்பிட்டு, இந்தச் சரிவு உனக்குத்தான் என்று சொல்ல ஒரு நாடு முனைந்திருக்கிறது. என்னால் இதைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக முடியவில்லை.

ஏமி வில்லியம்ஸ் தங்கம் வாங்கிய 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. விஸ்லர் என்ற இடத்தில் இருந்த அந்தத் தடத்தில்தான், தொடக்க விழா நாளன்று, பயிற்சியின்போது ஜார்ஜியா நாட்டின் லூஜ் வீரர் நோடர் குமாரிடாஷ்விலி தடத்தை விட்டு வெளியே தூக்கியெறியப்பட்டு இறந்துபோனார். இருபத்தொரு வயதுப் பையன். ஒரு வாரம் கழித்து அதே ஐஸில் பெண்கள் தலை முன்னால் இறங்கினார்கள். அமெரிக்காவின் நோயல் பைக்கஸ்-பேஸ் அதில் வெறும் 0.10 நொடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அவர் 2005இல் கனடாவின் கல்கரியில், கீழே நின்றுகொண்டிருந்தபோது பிரேக் போடத் தவறிய ஒரு பாப்ஸ்லெட் மோதிக் கால் உடைந்தவர். அதனால் 2006 ஒலிம்பிக்ஸ் போயிற்று. 2010க்குப் பிறகு விட்டுவிட்டார். நடுவில் ஒரு கர்ப்பம் கலைந்தது. அந்தத் துக்கத்திலிருந்து திரும்பவும் பலகைக்கு வந்து, கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே ஊர் ஊராகப் போட்டிக்குப் போய், 2014இல் வெள்ளி வாங்கினார். கடைசிச் சுற்று முடிந்ததும் தடுப்பைத் தாண்டி ஏறி, கூட்டத்தில் இருந்த பிள்ளைகளிடம் ஓடினார். அந்த வீடியோவை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

அதனால் இது ஆபத்தில்லாத விளையாட்டு என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கே தழும்பு இருக்கிறது. அடிபட்டபின் திரும்ப ஏறலாமா வேண்டாமா என்பதை யார் முடிவு செய்வது என்பதுதான் என் கேள்வி. நோயல் விஷயத்தில் நோயல் முடிவு செய்தார். அத்தை மகன் விஷயத்தில் அவனே முடிவு செய்தான், பத்து வயதில்.

பியோங்சாங்கில் இருபதாவதாக, கடைசியாக வந்த பெண்ணைப் பற்றியும் எழுத வேண்டும். சிமிடெலே அடேயக்போ, நைஜீரியாவுக்காக இறங்கியவர். ஒலிம்பிக் ஸ்கெலிட்டனில் இறங்கிய முதல் ஆப்பிரிக்கப் பெண். மும்முறைத் தாண்டுதல் வீராங்கனையாக இருந்து, 2008 ஒலிம்பிக்ஸைக் கொஞ்ச தூரத்தில் தவறவிட்டு, ஓய்வு பெற்று வேலைக்குப் போனவர். நைஜீரியப் பெண்கள் பாப்ஸ்லெட் அணி ஒன்று உருவாகிறது என்ற செய்தியைப் படித்திருக்கிறார். அந்த அணியைத் தொடங்கிய செயுன் அடிகுன், ஐஸே இல்லாத ஹூஸ்டனில், வீட்டு கராஜில் மரத்தால் ஒரு வண்டி செய்து பழகியவர். மரவண்டி! செய்தியைப் படித்த அடேயக்போ 2017இல் ஸ்கெலிட்டனுக்கு வந்தார். சில மாதம்தான். 2018இல் ஒலிம்பிக்ஸ். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

2022 பெய்ஜிங்கில் வெள்ளி வாங்கிய ஜாக்கி நாரகாட் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன்காரர். வெயிலும் கடலுமான ஊர். இரண்டாவது சுற்று முடிந்தபோது முதலிடத்தில் இருந்தவரே அவர்தான். கடைசியில் ஜெர்மனியின் ஹன்னா நைஸே முந்திக்கொண்டார். ஆஸ்திரேலியாவுக்குப் பனித்தடப் போட்டிகளில் அதுதான் முதல் பதக்கம்.

நம் நாட்டில் இந்த வழியில் போனவர் ஷிவ கேசவன். அவருடையது லூஜ். அப்பா கேரளக்காரர், அம்மா இத்தாலிக்காரர், வளர்ந்தது மணாலிப் பக்கம். 1998 நாகானோவில் பதினாறு வயதில் தொடங்கி 2018 வரை ஆறு ஒலிம்பிக்ஸ். இந்தியாவில் ஐஸ் தடம் கிடையாது என்பதால் பலகைக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டு இமயமலைச் சாலைகளில், லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே சறுக்கிப் பழகினார். அந்த வீடியோக்களைத் தேடிப் பாருங்கள், வயிற்றைக் கலக்கும். குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குப் போன முதல் இந்தியப் பெண் ஷைலஜா குமார், 1988இல் கல்கரிக்கு, பனிச்சறுக்குப் போட்டிக்கு. ஸ்கெலிட்டனில் இந்தியப் பெண் யாரையும் ஒலிம்பிக்ஸில் நாம் இன்னும் பார்க்கவில்லை.

அதனால் இங்கே ஸ்கெலிட்டன் தடம் கட்டுங்கள் என்று கேட்கப் போகிறேனா? இல்லை. மே மாதம் கத்தரி வெயிலில் செங்கல்பட்டில் நின்றுகொண்டு அப்படிக் கேட்க மாட்டேன். எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மணலில் கூட்டம். ஜப்பான், இந்தோனேசியா என்று பல நாட்டுப் பெண்கள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். அலையின் மேல் எழுந்து நிற்பதைத்தான் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். எனக்கு அதற்கு முந்தின நிமிடம்தான் கண்ணை விட்டு அகலவில்லை. பலகை மேல் குப்புறப் படுத்து, மோவாயைத் தண்ணீருக்கு மேலே சாண் உயரத்தில் தூக்கி, தலை முன்னால், கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அலை பின்னாலிருந்து தூக்குகிறது. அந்த ஒரு கணம் அது ஸ்கெலிட்டன்தான். ஐஸுக்குப் பதில் உப்புத் தண்ணீர். சரிவு நிற்பதற்குப் பதில் சரிவே நகர்ந்து வருகிறது. எனக்குத் தெரிந்த அதே படுக்கை, அதே தலை முன்னால்.

இந்தியாவின் ரமேஷ் புதிஹால் ஆண்கள் பிரிவில் வெண்கலம் வாங்கினார். கரையே ஆடியது. எங்கள் கண் தேடியது இன்னொருவரை, ஊர்ப் பெண் கமலி மூர்த்தியை. அவர் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கடற்கரையில் கடை போட்டுப் பிழைத்த சுகந்தி என்ற தாய் தனியாக வளர்த்த பெண். சின்னப் பிள்ளையாக, கவுன் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் சரிவிலிருந்து இறங்கும் ஒரு புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. ஸ்கேட்போர்டு உலகின் பெரிய ஆள் டோனி ஹாக் அதைப் பகிர்ந்தார். சாஷா ரெயின்போ எடுத்த 'கமலி' என்ற குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுக்கான இறுதிப் பட்டியல் வரை போனது. பிறகு அந்தப் பெண் பலகையை மாற்றிக்கொண்டு கடலுக்குள் போய்விட்டார். 2024இல் மங்களூரு பக்கம் நடந்த இந்தியன் ஓபன் போட்டியில் பெண்கள் பிரிவிலும், பதினாறு வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் அவர்தான் முதலிடம்.

கடற்கரை ஊரில் வளராதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியாமல் போகலாம். எங்கள் கரையில் பெண்கள் கடலை நம்பித்தான் வாழ்கிறார்கள். மீனை ஏலம் எடுப்பார்கள், கூடையில் சுமந்து விற்பார்கள், கருவாடு காய வைப்பார்கள். ஆனால் படகில் ஏற மாட்டார்கள், ஏறவிட மாட்டார்கள். கடல் ஆம்பளைங்க இடம். நீச்சல் தெரியாத மீனவப் பெண்களை எனக்கு நிறையத் தெரியும். சுனாமிக்குப் பிறகு அந்தப் பயம் இன்னும் இறுகிப்போனது. அப்படிப்பட்ட கரையிலிருந்து ஒரு தாய் மகளைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். வடக்கே கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தொடங்கிய சர்ஃப் பள்ளியும், மாமல்லபுரத்தில் இருக்கிற மற்றப் பள்ளிகளும் இன்று எத்தனையோ பிள்ளைகளைத் தண்ணீருக்குள் கொண்டுபோகின்றன. பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை இன்னும் கம்மிதான். பதின்மூன்று, பதினாலு வயது வந்ததும் சில முகங்கள் காணாமல் போகின்றன. ஏன் வரவில்லை என்று கேட்டால், பத்தாவது படிக்கணும், கறுத்துப் போறா, ஊர் ஒரு மாதிரி பேசுது என்பார்கள். எனக்கு அந்தக் குரல் பழக்கமானது.

2022இல் இதே மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கும். ஹரிகா துரோணவல்லி நிறைமாதக் கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினார். அந்த அணி வெண்கலம் வாங்கியது. அணியில் நம்ம வைஷாலியும் இருந்தார். ஒரு பெண் நிறைமாத வயிற்றோடு மேடையில் உட்கார, சுற்றியிருந்தவர்கள் அதற்கு வழி செய்து கொடுத்ததை நம் ஊர் நேரில் பார்த்திருக்கிறது. செஸ்ஸுக்கு முடிந்தது சர்ஃப் பலகைக்கு ஏன் முடியாது?

அந்த ஆகஸ்டு போட்டி முடிந்த மறுவாரம் மகள் கேட்டாள், "அம்மா, நானும் கத்துக்கட்டுமா?" அவளுக்கு அப்போது பதினோரு வயது. அதே பதினோரு வயது. எனக்கு உள்ளுக்குள் எழுந்த முதல் சொல் "வேணாம்"தான். பொய் சொல்லக் கூடாது. மோவாய், தையல், ரத்தம் எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. வாயைத் திறக்காமல் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, செங்கல்பட்டிலிருந்து கிளம்பிவிடுவோம். முதல் வகுப்பு முழுக்க மணலில்தான். மணலில் பலகையின் உருவத்தைக் கோடு கிழித்து, அதில் குப்புறப் படுக்கச் சொன்னார் சொல்லிக்கொடுக்கும் தம்பி. "மோவாயைத் தூக்கு பாப்பா, மூக்கு பலகையில இடிக்கக் கூடாது. முன்னால பாரு, கீழ பாக்காத." நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாறைமேல் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் போதுமே என்று தோன்றியது. மட்டை ஏன் திரும்பியது, எந்தத் தோளை எப்போது அழுத்த வேண்டும், தலையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொடுக்க முடியும் என்பதே அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். எழுபதைத் தாண்டியாயிற்று, முழங்கால் வலி. மணலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மகள் தண்ணீரில் இருந்தாள். இரண்டு அலையை விட்டுவிட்டு, மூன்றாவது அலைக்குத் தம்பி பின்னாலிருந்து பலகையைத் தள்ளிவிட்டார். படுத்தபடியே வந்தாள். எழுந்து நிற்க முயற்சி கூடச் செய்யவில்லை. மோவாயை நன்றாகத் தூக்கிக்கொண்டு, நுரையோடு நுரையாகக் கரை வரைக்கும் தலை முன்னால் வந்து, மணலில் தட்டி நின்றாள். முடியெல்லாம் முகத்தில். எழுந்ததும் பலகையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் தண்ணீருக்குள் நடந்தாள், எங்களைப் பார்க்கக்கூட இல்லை.

அத்தை கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"வெயிலு கண்ணக் கூசுது. சரியாப் பாக்கல," என்றார். நாற்காலியைக் கொஞ்சம் தண்ணீர்ப் பக்கமாக நகர்த்தச் சொன்னார். "இன்னோரு வாட்டி அப்படியே வரச் சொல்லு."